பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: வாங்கும் முன்பும் மாட்டும் முன்பும் கேட்கப்படும் கேள்விகள்

"ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவேன். திரும்பி வரும்போது தயாராக இருக்கும்" என்று தன் லேப்டாப்பைப் பற்றி எதிர்வீட்டு ஆசிரியை சொல்வார். அதில் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக ஒரு சாதாரண எஸ்எஸ்டியை (சுற்றும் தட்டு இல்லாமல் சில்லிலேயே தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) மாட்டிக்கொடுத்த மறுநாள், "இப்போது குளிக்க நேரமே கொடுப்பதில்லை" என்றார். அன்றிலிருந்து தெருவில் பாதிப் பேர் என்னிடம் இதே விஷயத்தைக் கேட்கிறார்கள். நான் கடை வைத்திருப்பவன் அல்ல. உறவுக்கும் நட்புக்கும் திருப்புளி பிடித்தே கற்றுக்கொண்டவன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

லேப்டாப் மிகவும் மெதுவாக இருக்கிறது. எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடுமா?

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-இலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். அது ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா என்று அங்கேயே எழுதியிருக்கும். ஹார்டு டிஸ்க் என்றிருந்து, ஆன் செய்த பிறகு பல நிமிடங்கள் அந்தக் கோடு 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நோய் இதுதான், மருந்தும் எஸ்எஸ்டிதான்.

காரணம் எளிது. லேப்டாப் ஹார்டு டிஸ்கில் தட்டு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, தேவையான இடம் சுழன்று கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளாக இருந்தால் வினாடிக்கு நூறு துண்டு எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வேண்டும். மாதச் சாமான் சீட்டை நீட்டினால், கடைப்பையன் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கிடங்குக்கு ஓடிவருவதைப் போன்றது இது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவுமில்லை. வினாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும்.

ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தும் மெதுவாக இருக்கிறதென்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. ரேம் போதாமல் இருக்கலாம், தூசி அடைத்துச் சூடேறலாம், தேவையில்லாத மென்பொருள்கள் குவிந்திருக்கலாம். இன்னும் வேகமான எஸ்எஸ்டி அங்கே உதவாது.

ரேம் முதலிலா, எஸ்எஸ்டி முதலிலா?

ஹார்டு டிஸ்கில் ஓடும் லேப்டாப் என்றால் எஸ்எஸ்டி முதலில். 8 ஜிபி ரேம் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 4 ஜிபிதான் இருக்கிறதென்றால், முடிந்தபோது அதையும் 8 ஆக்குங்கள். ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் டிஸ்கைத்தான் கடன் கேட்கும். அந்தக் கடனை எஸ்எஸ்டி விரைவாகக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் கடன் கடன்தான்.

என் லேப்டாப்பில் எந்த எஸ்எஸ்டி பொருந்தும்?

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பிராண்டையும் வேகத்தையும் பத்து நாள் ஆராய்ந்தவர்கள்கூட, தம் லேப்டாப்பில் என்ன ஸ்லாட் இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய லேப்டாப்களில் 2.5 அங்குல சாட்டா இடம் இருக்கும். சாட்டா என்பது டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய முறை. சீட்டுக்கட்டு அளவிலான ஹார்டு டிஸ்க் உட்காரும் இடம் அது. அங்கே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. பழைய ஹார்டு டிஸ்க் 9.5 ஆக இருந்தால் கொஞ்சம் ஆடும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிவிட்டால் போதும்.

அடுத்தது எம்.2. சூயிங்கம் பட்டை போன்ற சிறு அட்டை. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டைகளும் உண்டு. நீளமான இடத்தில் குட்டையை வைக்கத் திருகு துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; குட்டையான இடத்தில் நீளத்தை வைக்கவே முடியாது.

குழப்பம் நீளத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா மொழி பேசும் எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ என்ற புதிய, வேகமான மொழி பேசும் எஸ்எஸ்டியும் உண்டு. தங்க நிறக் கால்களுக்கு நடுவே இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா; ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஸ்லாட் எந்த மொழியைப் புரிந்துகொள்ளும் என்பது மதர்போர்டைப் பொறுத்தது. என் அக்கா மகன் தள்ளுபடியில் ஒரு என்விஎம்இ வாங்கிக்கொண்டு வந்தான். ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தியது, திருகும் ஏறியது, மூடியும் மூடியது. லேப்டாப்பின் கண்ணில்தான் அது படவே இல்லை. அந்த ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டுமானது. கடைக்காரரைக் கேட்டிருக்கிறான், "எம்.2 தானே தம்பி, போடலாம்" என்றாராம். அவர் சொன்னதில் பாதி உண்மை.

ஆகவே லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணை முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேடு கிடைக்கும்; அதில் எந்த ஸ்லாட், எந்த நீளம், எந்த மொழி எல்லாம் இருக்கும். கையேட்டோடு நிற்காமல் மூடியைத் திறந்தும் பாருங்கள். ஒரே மாடலின் விலை குறைந்த வகையில், எம்.2-க்கு இடம் மட்டும் விட்டு ஸ்லாட்டையே பற்றவைக்காமல் அனுப்பியிருப்பார்கள். வைஃபை அட்டை இருக்கும் ஸ்லாட்டும் பார்க்க எம்.2 போலத்தான் இருக்கும். அது எஸ்எஸ்டிக்கானது அல்ல.

2014-க்கு முந்தைய லேப்டாப்களில் என்விஎம்இயிலிருந்து விண்டோஸ் எழும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2.5 அங்குல சாட்டாதான் வழி.

அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புக்குப் போடலாமா?

தாராளமாக. என்னிடம் வருபவற்றில் கணிசமானவை அவைதான். 2011-இல் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாடு அரசு தன் எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு ஆண்டு நிறுவனமும் மாடலும் மாறின. "அரசு லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி கொடுங்கள்" என்று கடையில் கேட்டால் பயனில்லை, ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லுங்கள். நான் திறந்தவற்றில் 2.5 அங்குல சாட்டா ஹார்டு டிஸ்க்தான் இருந்தது.

தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் ரேம் மிகக் குறைவு, பிராசஸரும் பழையது. அதில் எஸ்எஸ்டியோடு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுக்கிறேன். கடிதம் எழுத, கணக்குப் போட, இணையம் பார்க்கப் போதும். லினக்ஸ் என்றதும் சிலர் பயப்படுவார்கள். அரசு லேப்டாப்பில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தது என்பதை நினைவூட்டுவேன். ஒருமுறைகூட அதைத் திறக்காதவர்கள்தான் அதிகம்.

மிகப் பழைய சாட்டாவில் வேகம் வினாடிக்கு 300 எம்பியைத் தாண்டாது. கவலைப்பட வேண்டாம். நீங்கள் உணரப்போகும் வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை.

பிறகு எதில் இருக்கிறது? சாட்டா 550, என்விஎம்இ 3,500, புதியவை 7,000 என்கிறார்களே?

அவை பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும் வேகங்கள், வினாடிக்கு எம்பியில். சாட்டாவின் கூரையே 550-ஐ ஒட்டித்தான். என்விஎம்இ ஓடும் பாதையின் பெயர் பிசிஐஇ; அதன் மூன்றாம் தலைமுறை 3,500 வரையும் நான்காம் தலைமுறை 7,000 வரையும் போகும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த எண்.

அன்றாட வேலை அப்படி நடப்பதில்லை. பிரவுசர் திறப்பதும் வேர்டு திறப்பதும் சிறு சிறு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் வேலைகள். 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 1 எம்பியைத் தொடவே திணறும். நல்ல சாட்டா எஸ்எஸ்டி 30, 40 தரும். என்விஎம்இ 50 முதல் 80 வரை தரும். முதல் தாவல் நாற்பது மடங்கு. அடுத்தது இரண்டு மடங்குதான். முதல் தாவலில் வீட்டில் எல்லோரும் வாய் பிளப்பார்கள். இரண்டாவதை வாங்கியவர் மட்டும் உணர்வார், அதுவும் பணம் கொடுத்த காரணத்தால்.

அதனால் என்விஎம்இ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்லாட் இருந்தால் அதையே வாங்குங்கள். ஸ்லாட் இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஏங்க வேண்டாம் என்கிறேன். நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் வேலை செய்யும், ஸ்லாட்டின் வேகத்தில். ஐந்தாம் தலைமுறையின் 14,000-ஐத் துரத்தி லேப்டாப்பில் போடுவது வீண். சூடும் பேட்டரிச் செலவும்தான் மிச்சம். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், பெரிய கோப்புகளை நாள் முழுவதும் நகர்த்துபவர்கள் வேறு கணக்குப் போடலாம்.

எத்தனை ஜிபி வாங்குவது?

500. படம், வீடியோ சேர்ப்பவர் என்றால் 1 டிபி. வேலைக்கு மட்டும் என்றால் 256-இல் ஓட்டிவிடலாம். 120-ஐத் தொடாதீர்கள், விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் பாதியைத் தின்றுவிடும்.

500 வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. நிறுவனம் ஆயிரங்களில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-களில் எண்ணுகிறது. 1 டிபி 931 ஆகத் தெரிவதும் இதனால்தான். அதிலும் ஒரு ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவையுங்கள். நிரம்பி வழியும் எஸ்எஸ்டி எழுதும்போது திக்கும்.

டிஎல்சி, க்யூஎல்சி என்று எழுதியிருக்கிறதே, எது நல்லது?

டிஎல்சி. ஒவ்வொரு நினைவக அறையிலும் மின்னூட்டத்தின் அளவை வைத்துத் தகவல் எழுதப்படுகிறது. டிஎல்சியில் ஓர் அறைக்கு 3 பிட், ஆகவே 8 அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். க்யூஎல்சியில் 4 பிட், 16 அளவுகள். அதே உழக்கில் எட்டுக் கோடு போடுவதற்கும் பதினாறு கோடு போடுவதற்கும் உள்ள வித்தியாசம்: கோடுகள் நெருங்க நெருங்க ஊற்றவும் நிதானம் வேண்டும், தேய்மானமும் சீக்கிரம் தெரியும்.

க்யூஎல்சி அன்றாடம் வேகமாகவே தோன்றும். ஒரு பகுதியை அறைக்கு 1 பிட் என்ற வேகமான கிடங்காக வைத்துக்கொண்டு, வருவதை முதலில் அங்கே வாங்கிப் போட்டுக்கொள்ளும். அந்தக் கிடங்கு நிரம்பியதும் சாயம் வெளுக்கும். சாம்சங் 870 க்யூவிஓவின் 1 டிபி வகையில், கிடங்கு நிரம்பிய பின் எழுதும் வேகம் வினாடிக்கு 80 எம்பி என்று அந்த நிறுவனமே தன் விவரக்குறிப்பில் சொல்கிறது. அது ஹார்டு டிஸ்கின் வேகம். படங்களைச் சேர்த்துவைத்து அவ்வப்போது எடுத்துப் பார்ப்பவருக்கு இது தொல்லை தராது. அதிகமாக எழுதுபவர் டிஎல்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். பெட்டியில் எந்த வகை என்றே போடாமல் வேகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

டிராம் கேஷ் இருக்க வேண்டுமா?

எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம் அது. சாட்டாவில் இருந்தால் நல்லது. என்விஎம்இயில், லேப்டாப்பின் ரேமிலிருந்து சில பத்து எம்பியைக் கடன் வாங்கிச் சமாளிக்கும் வசதி வந்துவிட்டதால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

தேயும். எவ்வளவு என்பதைப் பெட்டியில் டிபிடபிள்யூ என்ற எண் சொல்கிறது. மொத்தம் எத்தனை டிபி எழுதும்வரை நிறுவனம் பொறுப்பேற்கிறது என்ற கணக்கு. சாம்சங் 870 இவிஓ 1 டிபிக்கு அது 600, வாரண்டி 5 ஆண்டு. தினமும் 20 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டிபி. 600-ஐ எட்ட 82 ஆண்டு வேண்டும். லேப்டாப்பின் கீல் அதற்கு எத்தனையோ காலம் முன்பே உடைந்திருக்கும்.

எஸ்எஸ்டி சாவது தேய்மானத்தால் அல்ல. கன்ட்ரோலர் சில்லு, மின்சுற்று, ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இவற்றால்தான் பெரும்பாலும். 2019 நவம்பரில் எச்பி என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சர்வர்களுக்கு விற்ற சில எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேர் பிழையால், மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், தகவலையும் மீட்க முடியாது. ஒன்றாகப் பூட்டி ஒன்றாக ஓடிய டிஸ்குகள் ஒரே நாளில் சாகும் என்றால் ஒன்றுக்கு ஒன்று துணையாக வைத்ததும் பயன்படாது.

ஹார்டு டிஸ்க் சாகும் முன் முனகும். டிக் டிக் என்று தட்டும். கோப்பு திறக்க மறுக்கும். நமக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுக்கும். எஸ்எஸ்டி நேற்று இரவு நன்றாக இருக்கும், இன்று காலை இருக்காது. பேக்கப் இல்லாமல் எஸ்எஸ்டிக்கு மாறுகிறவர்களை நான் அனுமதிப்பதில்லை. திட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

எந்த பிராண்ட்? எங்கே வாங்குவது?

நினைவகச் சில்லைத் தாமே தயாரிக்கும் நிறுவனங்கள் உலகில் சில மட்டுமே: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியாக்சியா, சான்டிஸ்க் போன்றவை. கிங்ஸ்டன், ஏடேட்டா போன்றவர்கள் சில்லை வாங்கி எஸ்எஸ்டி செய்பவர்கள். அவர்களிடமும் நல்லவை உண்டு. மலிவு வகைகளில் பெயர் அப்படியே இருக்க உள்ளே இருக்கும் சில்லு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பிராண்டைவிட வாரண்டியைப் பார்க்கிறேன். 5 ஆண்டு கொடுப்பவர் 3 ஆண்டு கொடுப்பவரைவிடத் தன் பொருளை நம்புகிறார் என்று பொருள்.

சென்னைக்காரர்கள் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவைக் கேட்பார்கள். அங்கே நல்ல பொருளும் கிடைக்கும். கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். ஒருமுறை மாடிக் கடை ஒன்றில், பெட்டி இல்லாமல் வெள்ளி நிறப் பையில் போட்ட எஸ்எஸ்டியை நீட்டி, "அசல் கம்பெனி சரக்கு சார், பெட்டிக்குத்தான் அங்கே காசு" என்றார்கள். அசல்தான், பொய் இல்லை. லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாகப் போன சரக்கு அது. அதற்கான வாரண்டி லேப்டாப் நிறுவனத்தோடுதான், நம்மோடு அல்ல. வாங்கி வந்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன்: ஏற்கெனவே 4,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. யாருடைய லேப்டாப்பிலோ வாழ்ந்துவிட்டு வந்தது. திரும்பக் கொண்டுபோனதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

பெட்டியோடு வாங்குங்கள். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள். மிக மலிவாக "16 டிபி" என்று வரும் வெளிப்புற எஸ்எஸ்டிகள் மோசடி. உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

பழைய விண்டோஸை அப்படியே கொண்டுவரலாமா, புதிதாகப் போடவா?

நேரம் இருந்தால் புதிதாக. எட்டு ஆண்டுக் குப்பையைப் புதுவீட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். விண்டோஸ் 8 முதல், லேப்டாப்போடு வந்த விண்டோஸின் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்கை மாற்றினாலும் தானாகவே ஏற்றுக்கொள்ளும்.

ஒன்றும் மாறக்கூடாது என்பவர்கள் குளோன் செய்யலாம். யுஎஸ்பி கேபிள் அல்லது உறையில் எஸ்எஸ்டியைச் செருகி, அதன் நிறுவனம் தரும் மென்பொருளாலோ இலவச குளோன்ஜில்லாவாலோ நகலெடுக்கலாம். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால், பூட்டைத் திறக்கும் ரெகவரி கீயை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலருக்கு அது தம் லேப்டாப்பில் ஓடுவதே தெரியாது. ஹார்டு டிஸ்க் ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தால் குளோன் வேண்டாம். முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் வெளியே எடுங்கள்.

புதிதாகப் போடும் முன் எதை எதை எடுத்துவைக்க வேண்டும்?

படம், ஆவணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது எழுத்துருக்கள். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைப் புதிய விண்டோஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் கூளமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று கோயில் திருவிழாக் கணக்கையே அழித்தவரை எனக்குத் தெரியும். அழைப்பிதழ், மனு, கணக்கு எல்லாம் பத்து ஆண்டாக பாமினியில் அடித்த வீடுகள் எத்தனையோ. ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுமையாக நகலெடுத்துவிடுங்கள். பயன்படுத்தும் கீபோர்டு மென்பொருளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடை வைத்திருப்பவர்கள் டேலி டேட்டா எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பாருங்கள். அது "மை டாக்குமென்ட்ஸ்"ஸில் இருக்காது. டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், பிரவுசரில் சேர்ந்த பாஸ்வேர்டுகள், பிரிண்டர் டிரைவர் ஆகியவற்றையும் மறக்காதீர்கள்.

நானே மாட்டலாமா?

பொறுமை இருந்தால். முழுமையாக ஷட் டவுன் செய்து, சார்ஜரை எடுத்து, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். உள்ளே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை உருவுங்கள்.

என் கருவிப்பெட்டியில் ஒரு குழிப்பணியாரச் சட்டி உண்டு. வீட்டில் கேட்டுத்தான் எடுத்தேன். லேப்டாப்பின் அடித் திருகுகள் ஒரே நீளமாக இருப்பதில்லை. முன்பக்கம் குட்டை, கீல் பக்கம் நீளம். எந்த மூலையில் கழற்றினேனோ அந்த மூலைக் குழியில் போடுவேன். நீளத் திருகைக் குட்டையின் துளையில் முறுக்கினால், மேலே கீபோர்டு பக்கம் ஒரு சின்னப் புடைப்பு தெரியும்; அதைப் பார்த்த பிறகு வருந்திப் பயனில்லை. எல்லாத் திருகையும் எடுத்தும் மூடி வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். ரப்பர் காலுக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி, மெதுவாகச் சுற்றி வாருங்கள். கொக்கிகள் டப் டப் என்று விடும். முதல்முறை அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும்.

2.5 அங்குலம் என்றால், பழைய டிஸ்கின் தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். எம்.2 என்றால் சாய்வாகச் செருகி, மறுமுனையை அழுத்திப் படுக்கவைத்துத் திருக வேண்டும். அந்தக் குட்டித் திருகு எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. லேப்டாப்பிலேயே மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு திருகுக்காக ஊரெல்லாம் அலைய நேரும்.

வாரண்டியில் இருக்கும் லேப்டாப் என்றால் திறக்கும் முன் அதன் விதிகளைப் படியுங்கள்.

மாட்டிவிட்டேன். விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை!

பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) தெரிகிறதா? தெரியவில்லையென்றால் சரியாக உட்காரவில்லை, அல்லது முன்பு சொன்ன சாட்டா, என்விஎம்இ குழப்பம். பயாஸில் தெரிந்து இன்ஸ்டாலரில் தெரியவில்லையென்றால், இன்டெலின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப்களில் இது வழக்கம். டிஸ்குகளைக் கையாளும் விஎம்டி என்ற இன்டெல் ஏற்பாடு நடுவில் நிற்கிறது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை பென் டிரைவில் போட்டு, அந்தத் திரையிலேயே "லோட் டிரைவர்" கொடுங்கள்.

ஓடும் விண்டோஸில் இரண்டாவது டிஸ்காகச் சேர்த்துத் தெரியவில்லையென்றால், டிஸ்க் மேனேஜ்மென்டில் இனிஷியலைஸ் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

மேக்புக்?

2012-இன் ரெட்டினா அல்லாத 13 அங்குல புரோ என்றால் 2.5 அங்குல சாட்டா, எளிது. 2018 முதல் வந்த மேக்புக் ஏரில் எஸ்எஸ்டி போர்டோடு பற்றவைத்தது, மாற்ற வழியில்லை. இடைப்பட்டவற்றில் பலவற்றுக்கு ஆப்பிளின் தனி வடிவ ஸ்லாட். விண்டோஸ் உலகில் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லில் 32 அல்லது 64 ஜிபியோடு வந்த மலிவு லேப்டாப்களிலும் பற்றவைத்ததுதான். சிலவற்றில் காலியான எம்.2 ஸ்லாட் கூடவே இருக்கும். திறந்து பார்த்தால்தான் தெரியும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே, பழைய லேப்டாப்பில் செலவு செய்வது சரியா?

2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை முதல். அதற்குள் வரும் லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் ஓடினால் இன்றே மாற்றுங்கள். வராதது என்றால் லினக்ஸுக்கு மாற மனமிருக்கிறதா என்று யோசியுங்கள். இருந்தால் சரியான செலவு. கீல் உடைந்து, பேட்டரி உப்பி, திரையில் கோடு விழுந்ததற்குச் செய்யாதீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த லேப்டாப்பில் போடலாமே என்பார்கள், 2.5 அங்குல இடமே இல்லாமல்தான் இப்போதைய லேப்டாப்கள் பெரும்பாலும் வருகின்றன.

கழற்றிய ஹார்டு டிஸ்கை என்ன செய்வது?

யுஎஸ்பி உறையில் போட்டால் பேக்கப் டிஸ்க் தயார். டிவிடி டிரைவ் இருக்கும் லேப்டாப் என்றால் அதைக் கழற்றிவிட்டு, கேடி என்ற சட்டத்தில் ஹார்டு டிஸ்கை அங்கே உட்காரவைக்கலாம். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமனில் வருகிறது, அளந்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டியை டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்ய வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் தானாகவே டிரிம் என்ற துப்புரவைச் செய்துகொள்ளும். அதை நிறுத்திவைக்காமல் இருந்தால் போதும்.

பேக்கப்பையும் எஸ்எஸ்டியில் எடுத்து பீரோவில் வைத்துவிடலாமா?

நான் வைக்க மாட்டேன். மின்னூட்டம் மெல்லக் கசியும். சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறையின்படி, வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முடித்த நிலையிலும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் காக்கும். வெப்பம் கூடினால் காலம் குறையும். நம் ஊர் மே மாதத்துப் பீரோ 30 டிகிரியில் நிற்பதில்லை. பீரோவுக்குப் பழைய ஹார்டு டிஸ்கே மேல்.

எல்லாம் முடிந்தது. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஓடிய மணி நேரம் ஒற்றை இலக்கத்தில் இருக்கிறதா, ஆரோக்கியம் 100 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை முழுமையாக அணைத்து ஆன் செய்யுங்கள். ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். தமிழில் நான்கு வரி அடித்து, ஒரு பழைய பாமினிக் கோப்பைத் திறந்து, பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்கை மட்டும் ஒரு மாதம் தொடாமல் வைத்திருங்கள். மூன்றாவது வாரத்தில்தான் யாராவது வந்து, "அந்தப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தேனே, எங்கே?" என்று கேட்பார்கள்.